குழந்தைராஜுக்கு வந்த பி நைன்

ஒரத்தநாடு கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் குழந்தைராஜுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். கெட்ட பாதி.

கெடுதல் செய்கிற எதையும் அவரால் இங்கிலீஷில் சொல்லிவிட முடியும். பாய்சன், டேஞ்சர், காஷன், டாக்ஸிக், ஹசார்டஸ், ஹார்ம்ஃபுல், ஃபேட்டல். எல்லாம் மருந்து பாட்டில்களின் லேபிளைப் படித்துப் படித்துச் சேர்த்தது. சிவப்பு முக்கோணம் போட்டிருந்தால் என்ன அர்த்தம், அதற்கு அடுத்த மஞ்சள் முக்கோணம், பச்சை முக்கோணம் போட்டிருந்தால் என்ன அர்த்தம், எது மேலே பட்டால் எரியும், எது உள்ளே போனால் ஆளே போய்விடும், எது வாய்க்கால் மீனுக்கு ஆகாது என்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அவரிடம்தான் கேட்டுப் போவார்கள். நல்லதைச் சொல்லத்தான் அவரிடம் வார்த்தை கிடையாது. லேபிளில் வரும் நல்ல வார்த்தை ஒன்றே ஒன்று: எஃபெக்டிவ். திருச்சியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பாடு எப்படி என்று இங்கிலீஷில் கேட்டபோது, "பிரியாணி வெரி எஃபெக்டிவ்" என்று சொல்லி வைத்தார். அன்று மாலைக்குள் சாப்பிட்டவர்களின் வயிறு அதை உண்மையாகவும் ஆக்கிவிட்டது.

இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவர் அவருடைய மச்சான் ஜோசப்ராஜ். பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம். கதை பரவியதிலிருந்து மச்சானோடு பேச்சுவார்த்தை கிடையாது. குழந்தைராஜின் மனைவி விண்ணரசிக்குத் தன் அண்ணனைப் பற்றி வீட்டில் பேசவும் வழியில்லாமல் போயிற்று. பேச்சை எடுத்தாலே குழந்தைராஜ், "உங்கண்ணன் மஞ்ச முக்கோணம். கையில உறை போட்டுக்கிட்டுத்தான் தொடணும்" என்று முடித்துவிடுவார்.

இப்படி உலகத்துக் கெடுதல்களையெல்லாம் வகை பிரித்து வைத்திருந்த மனிதருக்குப் பிடரியில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. சட்டைக் காலரில் உரசிக்கொண்டு அதுபாட்டுக்கு இருந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. விண்ணரசிதான் நச்சரித்து நச்சரித்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டியை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வரும்வரை விண்ணரசிக்குச் சோறு இறங்கவில்லை. பூண்டி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைராஜோ கன்னத்தில் பன்னீர்ப் புகையிலையை அடக்கிக்கொண்டு, "கொழுப்புக் கட்டிதான. யார் சமையல்னு டாக்டர் கேட்டா உன் பேரத்தான் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்த அன்று அவரைத் தையல் பிரிப்பதற்காகத் திரைக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. சின்ன வயது டாக்டர். பாதி இங்கிலீஷில்தான் பேசுவார்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. பி நைன்."

அதற்கப்புறம் டாக்டர் ஏதோ விளக்கிச் சொன்னார். ஆனால் நர்ஸ் அந்த நேரம் பார்த்துக் குழாயைத் திறந்துவிட்டதில் ஒன்றும் காதில் விழவில்லை. குழந்தைராஜ் வெளியே வந்தபோது விண்ணரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லங்க. வாங்க போலாம்."

ஒண்ணுமில்லை என்ற வார்த்தை குழந்தைராஜுக்கு ரொம்பப் பழக்கம். கடையில் அவர் தினமும் சொல்கிற வார்த்தை அது. மருந்தடித்த கையோடு வந்து, தலை சுற்றுகிறது என்று நிற்கிறவனிடம், "ஒண்ணுமில்ல, சோப்பு போட்டுக் குளி" என்பார். பயப்பட வேண்டியவனிடம்தான் அதைச் சொல்வார். பயம் இல்லாதவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

பைக்கில் திரும்பும்போது விண்ணரசி அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் வைத்தது, அதற்கப்புறம் இப்போதுதான். கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது அந்தக் கை தோளை லேசாகத் தட்டிக் கொடுத்தது. குழந்தைராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அறுப்புக்கு நாம் இருப்போமா என்று நினைத்தார்.

பி நைன்.

எந்த லேபிளிலும் அவர் பார்க்காத வார்த்தை. சிவப்பு முக்கோணத்துப் பாட்டிலில்கூடக் கிடையாது. அப்படியானால் சிவப்புக்கும் மேலே உள்ளது. வாடிக்கைக்காரர் நல்லக்கண்ணுவுக்குப் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ் என்றார்கள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாலோடு முடிந்துவிடும் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அது ஒன்பதுவரை போகும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அதிலும் இவருக்கு ஏ இல்லை. பி.

யாரிடமாவது அர்த்தம் கேட்டிருக்கலாம். ஆனால் கெட்ட வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத் தன்னிடம் வரும் ஊரில், தான் போய் எப்படிக் கேட்பது? போனில் தேடிப் பார்த்தார். பி நைன் என்று அடித்ததும் கீரைப் படமாக வந்தது. பக்கத்தில் ஃபோலிக் ஆசிட் என்று போட்டிருந்தது. ஆசிட் என்ற வார்த்தை அவருக்குத் தெரியும். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று இரவு விண்ணரசி முருங்கைக்கீரை பொரியல் வைத்தபோது அவருக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புகையிலைப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார். விண்ணரசி பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷமாக அவள் கெஞ்சியும், கோபித்தும், பங்குச் சாமியாரை விட்டுச் சொல்லியும் நடக்காத காரியம்.

"என்னங்க, அத போட்டுட்டீங்க?"

"இனிமே எதுக்கு?" என்றார் குழந்தைராஜ்.

விண்ணரசி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே சமையலறையில் அவள் போன் பேசுவதைக் கேட்டார். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் பிரின்ஸியிடம் பேசுகிறாள்.

"ஆமாடி. பி நைன்தான்... அவருக்கு இன்னும் வெளங்கல. நானும் வெளக்கப் போறதில்ல. கொஞ்ச நாள் போகட்டும்... பாவந்தான், யாரு இல்லன்னு சொன்னா. ஆனா இந்த மாதிரி ஒரு சமயம் இனி வாய்க்குமாடி?"

குழந்தைராஜ் சத்தம் போடாமல் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்கே திரும்பிவிட்டார். பசி போய்விட்டது.

அவருடைய கடைக்குப் பக்கத்தில் சுஹைப் பாய் டிக்கெட் புக்கிங் சென்டர் வைத்திருந்தார். ரயில், பஸ், பிளேன் எல்லாம் போடுவார். நாலு இடம் தெரிந்தவர். குழந்தைராஜ் மெல்ல அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"பாய், யாருக்கோ கேக்குறேன். பி நைன்னா என்ன?"

சுஹைப் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பி நைனா? ரயில்ல தேர்ட் ஏசி பெட்டி. கன்ஃபர்ம் ஆயிடுச்சா?"

"கன்ஃபர்ம்னுதான் சொல்றாங்க."

"அப்பறம் என்ன கவல. எந்த ஊருக்கு?"

குழந்தைராஜுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "மேல" என்றார்.

"வடக்கயா? தூரமா இருக்குமே. தனியாவா போறாங்க?"

"தனியாத்தான் பாய். கூட யாரு வருவா?"

"ரிட்டர்ன் போட்டாச்சா?"

குழந்தைராஜ் இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. சுஹைப் இப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? ரிட்டர்ன் அங்க போய்ப் பாத்துக்கலாம். போர்வ, தலையண எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க. சௌரியமா படுத்துக்கிட்டே போலாம்."

படுத்துக்கொண்டே போவது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டு குழந்தைராஜ் எழுந்து வந்தார்.

அதிலிருந்து அவருக்கு எதைத் தொட்டாலும் கடைசித் தடவையாகத் தோன்றியது. தலை வாரும்போது தழும்பைத் தடவிப் பார்ப்பார். பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறதா என்று தேடுவார். கொசு கடித்த இடமெல்லாம் கட்டியாகத் தெரிந்தது. கோயிலில் பூசைக்கு முன்னால் மணியடித்தால் சாவு மணியோ என்று பெஞ்சில் தூக்கிவாரிப்போட்டு உட்கார்ந்தார்.

ஒரு நாள் விண்ணரசியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா கடைய என்ன பண்ணுவ?"

"நான் பாத்துக்குறேன்" என்றாள் விண்ணரசி.

கொஞ்சம் யோசித்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தார். அழுவாள் என்றும் எதிர்பார்த்திருந்தார். "ஒனக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்?"

"வீட்டுக்குள்ள வச்சிக்கக் கூடாதுன்னு தெரியும்" என்றாள் அவள்.

இது பழைய சண்டை. வீட்டின் பின்னறையில் கடைச் சரக்கை அடுக்கி வைத்திருந்தார். இந்தப் பக்கம் அரிசி மூட்டை, அந்தப் பக்கம் சிவப்பு முக்கோணம். கதவைத் திறந்தால் மூக்கு எரியும். பேரப்பிள்ளை லீவுக்கு வந்தால் என்ன ஆவது என்று விண்ணரசி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். கடைக்குப் பின்னால் காலி கொட்டகை இருந்தும், வீட்டில் இருந்தால்தான் பத்திரம் என்று அவர் அசையவில்லை.

இப்போது அவள் சண்டை போடவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள். "போவட்டும் விடுங்க. ஒங்க மனசு போல இருங்க. இனிமே போய் ஒங்கள நான் எதுக்குத் தொந்தரவு பண்ணப் போறேன்."

இனிமே போய். அந்த இரண்டு வார்த்தை குழந்தைராஜின் நெஞ்சில் போய்த் தைத்தது. மறுநாளே வண்டி வைத்துச் சரக்கு முழுவதையும் கொட்டகைக்கு மாற்றினார். பின்னறையைக் கழுவிவிட்டு, சுவருக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தார். தான் போன பிறகு விண்ணரசி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தன்னை நினைத்துக்கொள்வாள் என்று எண்ணிக்கொண்டே பிரஷை இழுத்தார். விண்ணரசி வந்து, "அந்த மூலையில இன்னொரு தடவ அடிச்சா நல்லாருக்கும்" என்றாள்.

அடுத்தது மச்சான்.

அதையும் அவள் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது, "மனுசன் போற காலத்துல யார் மேலயும் வருத்தம் வச்சிக்கக் கூடாதுன்னு சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு" என்று ரசத்தை ஊற்றினாள். யார் போகிற காலம் என்று சொல்லவில்லை. குழந்தைராஜ் ரசத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து பட்டுக்கோட்டைக்குப் போன் போட்டார்.

"மச்சான், நான் குழந்தைராஜ் பேசுறேன்."

எதிர்முனையில் தேங்காய் எண்ணுகிற சத்தம் நின்றது. பிறகு ஜோசப்ராஜ், "சொல்லுங்க மாப்ள. எல்லாம் எஃபெக்டிவா இருக்கீங்களா?" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் அத்தோடு போனை வைத்திருப்பார். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். மனதில் இருந்ததெல்லாம் மடமடவென்று வெளியே வந்துவிட்டது. நடந்தது நடந்து போச்சு. வாங்க மச்சான். நம்ம வீடு ஒங்க வீடு. பின்ரூம் காலியாத்தான் இருக்கு, வெள்ளையடிச்சி வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் வரலாம், எத்தன நாள் வேணும்னாலும் இருக்கலாம். சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். எதிர்முனையிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகு பயம் குறையும் என்று எதிர்பார்த்தார். குறையவில்லை. இன்னும் கூடியது. வேலை இருந்தவரை பயத்தை மறக்க ஒரு சாக்கு இருந்தது. இப்போது காத்திருப்பது ஒன்றுதான் பாக்கி. வலி வருமா, வந்தால் எங்கிருந்து வரும், நடக்கும்போதா, படுத்திருக்கும்போதா? ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட நாள் குறித்துச் சொல்லிவிட்டால் தேவலை என்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலை, கடையைத் திறக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நேராகத் தஞ்சாவூருக்கு வண்டியை விட்டார்.

டாக்டரம்மா எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததும் கை கூப்பினார்.

"டாக்டரம்மா, ஒளிக்காம சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். இன்னும் எவ்வளவு நாள்?"

"எதுக்குங்க?"

"பி நைனுக்கு."

டாக்டர் அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்தார். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குழந்தைராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அது பி, நைன் இல்ல. பினைன். ஒரே வார்த்தை. சாதுன்னு அர்த்தம்."

"சாதுவா?"

"கெடுதல் பண்ணாத கட்டி. எடுத்தாச்சு, அவ்வளவுதான். கெட்ட கட்டியா இருந்தா மேலிக்னன்ட்னு சொல்லுவோம்."

மேலிக்னன்ட் என்ற வார்த்தையைக் குழந்தைராஜ் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கெட்டது என்பதால் அது ஞாபகம் இருந்தது. கெடுதல் பண்ணாததற்கும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கும் என்று அவருக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

"இத அன்னிக்கே எங்க வீட்டுல சொன்னீங்களா?"

"தமிழ்லயே வெளக்கமா சொன்னேனே. பாவம், சந்தோஷத்துல அழுதுட்டாங்க."

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது குழந்தைராஜ் உடம்பு லேசாகி, தரையில் கால் பாவாமல் நடந்தார். வெயில் நன்றாக இருந்தது. ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன்கூட நன்றாக இருந்தது. பெட்டிக்கடையில் நின்று ஒரு பன்னீர்ப் புகையிலை வாங்கிக் கன்னத்தில் அடக்கினார். அடுத்த நிமிஷம் தலை கிறுகிறுவென்று சுற்றி, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். பழக்கம் விட்டுப் போயிருந்தது.

அப்போதுதான் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டாள். வாழ்க்கை முழுக்கக் கெடுதலை லேபிள் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆளை, லேபிள் இல்லாமலேயே கவிழ்த்துவிட்டாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டுவதற்குள், என்ன கேட்பது, எந்தக் குரலில் கேட்பது என்பதெல்லாம் தயாராகிவிட்டது.

விண்ணரசி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பினைன்னா என்ன?" என்றார் வாசலில் நின்றபடியே.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"தெரிஞ்சிருக்குல்ல. அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரியிலயே சொன்னேன், ஒண்ணுமில்லங்கன்னு. அதுக்கு மேல தமிழ்ல எப்படிங்க சொல்றது?"

தயாராக வைத்திருந்த கேள்விகளில் இதற்கு மேல் எது பொருந்தும் என்று குழந்தைராஜ் தேடினார். "அப்பறம் நான் பயந்துக்கிட்டுத் திரிஞ்சேனே, அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்குப் பயப்படுறீங்கன்னு நீங்க சொன்னீங்களா?"

"நான் செத்தே போயிட்டேன்டி உள்ளுக்குள்ள. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சாப்பாடு எறங்கல."

விண்ணரசி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

"ரிசல்ட்டு வர்ற வரைக்கும் நான் அப்படித்தாங்க இருந்தேன். நீங்க புகையிலைய மென்னுக்கிட்டு ஏஞ் சமையலக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தீங்க. பொட்டலத்த நீங்களா தூக்கிப் போட்டப்ப உண்மையச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னா அடுத்த நிமிசம் குப்பையிலேருந்து பொறுக்கிடுவீங்க. அதான் விட்டேன். நான் பட்டதுல பாதியாவது நீங்களும் படுங்கன்னும் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

குழந்தைராஜ் தழும்பு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். அவள் சொன்னதில் ஞாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது. ஆனாலும் ஓர் ஆம்பளை, இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார முடியாது.

"அதெல்லாம் சரி. நாளைக்கு சரக்கு பூரா திரும்ப வீட்டுக்கு வருது. பின்ரூம் எனக்கு வேணும்."

"வரட்டும்" என்றாள் விண்ணரசி, கீரையை மறுபடி எடுத்துக்கொண்டு. "ஒங்க வீடு. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? எங்க வைக்கிறதுன்னு நீங்களே போய் எடத்தப் பாத்துக்குங்க."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிடுவோம் என்று குழந்தைராஜ் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்த ஜோசப்ராஜ், தலையணையைச் சரிசெய்துகொண்டே, "வாங்க மாப்ள. நீங்க அவ்வளவு ஆசையா கூப்புட்டதுனால, பட்டுக்கோட்ட வீட்ட வாடகைக்கு விட்டுட்டே வந்துட்டேன்" என்றார்.